ராசிபுரத்தில் நான் வைத்த ஒப்பாரி

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள், செத்தது யார் என்று முதலில் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரிய அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. தெரிந்த இடம் ராசிபுரம். தெரிந்தபோது என் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஒரு பந்தல் நிறைய ஜனம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். பஸ்ஸின் பெயர்ப்பலகை படிப்பேன். எழுத்துக் கூட்டி எழுதவும் செய்வேன், மெதுவாக. (இதை எழுதி முடிப்பதற்குள் தோட்டத்தில் ஒரு வாழை தார் தள்ளிவிட்டது.) ஆனால் வாய் வார்த்தையில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. ஜேடர்பாளையம் சுற்றுவட்டாரத்தில் சொந்தபந்தத்தில் யார் தவறினாலும், "அந்தக்கா வந்துட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள். நான் வாசலில் நின்று முதல் குரல் எடுத்தால், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும் மருமகள்கள்கூட மூக்கைச் சிந்துவார்கள். கூலிக்கு அழுகிறவள் இல்லை நான். உறவுமுறைக்கு மட்டும். எந்தத் துக்கத்துக்கும் என்னிடம் வார்த்தை இருக்கிறது என்று எனக்கு ஒரு கர்வம்.

ஒரே ஒருவருக்கு மட்டும் நான் பாடியதில்லை. என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில், போர்வெல் போடும் வேலைக்கு வடக்கே போனவர். எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. வண்டி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. வழியில் ஏதோ ஓர் ஊரில் டீ குடிக்க இறங்கினார், அப்புறம் ஆளைக் காணோம் என்றார்கள். செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அதனால் என் கழுத்தில் தாலி இருக்கிறது, நெற்றியில் பொட்டு இருக்கிறது. இதைப் பற்றி இதற்கு மேல் ஒன்றும் இல்லை. பின்னால் ஓர் இடத்தில் வேண்டியிருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

அதிலிருந்து தம்பி சண்முகத்தின் வீட்டோடுதான் இருக்கிறேன். தம்பிக்கு வாழைத்தோட்டம், இலை வியாபாரம். அவன் சம்சாரம் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அவன் மகள் தாரணியை வளர்த்தது நான்தான். அவள் படித்து, கம்ப்யூட்டர் வேலை வாங்கி, இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே யாருக்கோ வேலை செய்கிறாள்.

தாரணிக்கு ராசிபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெங்களூரில் வேலை. வந்து பார்த்தார்கள். பெண்ணுக்கும் பிடித்தது, பையனுக்கும் பிடித்தது. பையனின் அப்பா எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "நெஞ்சுல ஆபரேசனுங்க" என்று பாயசத்தைக்கூடத் தொடவில்லை. போகும்போது, "உப்புச்சக்கரைக்கு நாள் பாத்துச் சொல்றோமுங்க" என்றார். (எங்கள் பக்கத்தில் சம்பந்தத்தை உறுதி செய்வது அப்படித்தான். இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது.) அதுவரை சின்னஞ்சிறுசுகள் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டோம். பேசினார்கள். இவள் பல் விளக்கும்போதும் போன், சோறு தின்னும்போதும் போன். தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தாள். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன்.

பிறகு ஒரு நாள் சிரிப்பு நின்றது. போன் மட்டும் கையில் இருந்தது. இலை அடுக்கும் கொட்டகையில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, மாப்ள பேசறதில்லையா?" என்று கேட்டேன்.

"கோஸ்ட் பண்ணிட்டானுங்கத்தை."

கோஸ்ட் என்றால் பேய் என்று அவளே சொன்னாள். உடனே நான் மந்திரிக்க ஓடினேன் என்று நினைக்க வேண்டாம். அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை. என் முட்டாள்தனம் வேறு ரகம், அது பின்னால் வருகிறது.

போனை என் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்க. நான் அனுப்புனது போயிச் சேந்துருச்சு. அவன் படிச்சும் பாத்துட்டான். ரெண்டு டிக்கும் நீலமா இருக்குதுங்களா? ஆனா பதிலு இல்ல. சண்டையும் இல்ல, வேண்டாம்னும் சொல்லல. ஆளு இருக்கறான், ஆனா இல்ல. இதுக்குத்தான் கோஸ்டிங்குன்னு பேரு."

கையிலிருந்த இலைகளை அடுக்கில் வைத்தேன். குரலை மாற்றாமல் கேட்டேன். "அவன் பண்ணுனதுக்குப் பேரு வெச்சுட்டீங்க. உனக்கு உள்ளார இருக்குதே, அதுக்கு என்ன பேரு?"

அவள் போனை மடியில் கவிழ்த்தாள். "தேடிப் பாத்தேனுங்கத்தை. ஆளாளுக்கு மீம்ஸ் போட்டு வெச்சிருக்காங்க. சிரிப்பாத்தான் இருக்குது. உள்ளார என்ன இருக்குதுன்னு ஒருத்தரும் சொல்லல."

"துக்கமா?"

"துக்கம்னா அழுதாக் கொறையோணுமில்லங்க? எனக்கு அழுகையே வரலையே."

"கோவமா?"

"யாரு மேலங்க? எதுக்க ஒரு ஆளு நிக்கோணுமில்ல."

"ஏமாத்தமா?"

"அவன் சத்தியமா பண்ணிக் குடுத்தான்?"

"ஏக்கம்?"

"அது சினிமாப் பாட்டுல வரதுங்கத்தை."

என் கையிருப்பு அத்தோடு தீர்ந்துபோயிற்று. ஊரார் துக்கத்துக்கெல்லாம் வார்த்தை கொடுத்தவள், வளர்த்த பிள்ளைக்கு ஒரு வார்த்தை இல்லாமல் நின்றேன். "இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன், ஏதோ அடுக்குப்பானையில் வைத்து மறந்த மாதிரி. அவளுக்கு உள்ளே இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை முழுங்கி முழுங்கித்தான் எனக்கு நரைத்தது. ஆனால் பேர் தெரியாது.

அதன் பிறகு அவள் சோற்றைப் பிசைந்துவிட்டுத் தட்டோடு எழுந்துபோனாள். வேலை செய்கிற மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள், திரையில் நேற்றைய படமே இருக்கும். தம்பி பையனின் அப்பாவுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. தரகரைக் கேட்டால், "பாக்கலாமுங்க, பாக்கலாமுங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். அது பொய் என்று அனுப்புகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஆனாலும் மரியாதையாக வாங்கிக்கொள்வோம். வாங்கிக்கொண்டால் அன்றைக்குச் சோறு இறங்காது, மறுநாள் இறங்கும். இவர்கள் அந்தப் பொய்யைக்கூட அனுப்பவில்லை. சரி, நாமே போய் அந்தப் பொய்யை வாங்கிவந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பிள்ளை சோறு தின்ன வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

"எங்கக்கா கெளம்பிட்ட?" என்றான் தம்பி.

"ராசிபுரம். நெய் வாங்கியாரேன்."

"நெய்க்கு அத்தன தூரமா?"

"ராசிபுரத்து நெய்யி ராசிபுரத்துலதான இருக்கும்."

ஒரு சீப்புப் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

சன்னலோரம் உட்கார்ந்தால் எனக்குப் புத்தி ஒரு இடத்தில் நிற்காது. அவ்வளவு தன்மையான ஜனம் ஏன் வாயை மூடிக்கொண்டது என்று யோசித்தேன். பரமத்தி வேலூர் தாண்டும்போது பையனின் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்திருக்கும் என்று தோன்றியது. நாமக்கல்லில் பஸ் மாறும்போது அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். புதுச்சத்திரம் வரும்போது டாக்டர் கையை விரித்துவிட்டார். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அந்த மனுஷனைக் கொன்றே விட்டேன். உப்புச்சக்கரை மாற்றாத வீட்டுக்கு எழவு சொல்லி அனுப்புவது முறையில்லை, அதனால் நமக்குச் சொல்லவில்லை. அப்பன் செத்த பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டா இருப்பான்? எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் செத்தது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பையன் நல்லவன்தான், நம் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர்கள் தெருமுனையில் திரும்பியதும் சாமியானா தெரிந்தது.

எனக்கு ஒரு கண்ணில் புரை. இருந்தாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வாழைமரம் கட்டவில்லை. மேளமில்லை, பாட்டில்லை. நாற்காலியில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் தலையைத் தொங்கப் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் அறிந்த வரை, நல்ல காரியம் நடக்கிற வீட்டில் ஆண்கள் பேசுகிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். தலை தொங்கின கூட்டத்துக்கு எனக்குத் தெரிந்து ஒரே அர்த்தம்தான். (அத்தனை பேர் மடியிலும் போன் இருந்தது. அது அந்தத் தூரத்துக்கு என் கண்ணுக்குத் தெரியவில்லை.)

பழத்தோடு எழவு வீட்டுக்குப் போகக் கூடாது. சீப்பை ஒரு மதில் மேல் வைத்தேன். கொண்டையை அவிழ்த்துவிட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பந்தல் வரை போனேன். அப்புறம் எடுத்தேன் குரலை.

"எல போட்டுத் தண்ணி தெளிச்சு
எதுத்தாப்புல காத்திருந்தோம்
போட்ட எல சுருளுதுங்களே
போறேன்னும் சொல்லலையே
வாரேன்னும் சொல்லலையே"

நாற்காலிகள் சரசரவென்று நகர்ந்தன. உள்ளேயிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தது பையனின் அம்மா. அவரைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட பிறகுதான் கையில் பட்டுச்சேலை மொடமொடத்தது. மூக்கில் மல்லிகைப்பூ வாசம் ஏறியது. ஏதோ சரியில்லை என்று புத்தி சொன்னது. ஆனால் ஒப்பாரி என்பது இறக்கத்தில் போகிற லாரி மாதிரி, நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

"பந்தியெல்லாம் எந்திரிச்சுப்
பாத்திரமும் கழுவியாச்சு
ஒத்த எல கெடக்குதுங்களே
எடுக்கட்டுமா வெக்கட்டுமா
என்னான்னு சொல்லுங்களே"

முதல் பாட்டு அவர்கள் வீட்டுக்குப் பாடினது. இரண்டாவது அவர்களுக்கு இல்லை. டீ குடிக்க இறங்கின மனுஷனுக்காக என் தொண்டையிலேயே கிடந்தது, அன்றைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வாசலில் வந்து விழுந்தது. பாடி முடித்தபோது நான் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பெண்களும், எதற்கு என்று தெரியாமலேயே கண்ணைத் துடைத்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். கையில் டீ டம்ளர்.

"ஏனுங்கம்மா, யாரு தவறிட்டாங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். பையனின் அப்பா.

"நீங்கதானுங்களே" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். யாரோ அவர்களை அதட்டினார்கள். அப்போதுதான் உள்ளே தாம்பாளங்களில் உப்பும் சர்க்கரையும் இருப்பதைப் பார்த்தேன். பையனுக்கு ஆட்டையாம்பட்டிப் பெண்ணோடு உப்புச்சக்கரை அன்றைக்கு. பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி, "எந்திரிங்கடி, சகுனமே செரியில்ல" என்று பேத்திகளைக் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

பையனின் அம்மா என் கையைத் தட்டிவிட்டார். "நல்ல காரியம் நடக்கற ஊட்டுல வந்து இப்புடி வாயில வயித்துல அடிச்சுக்கறீங்களே, நாங்க உங்களுக்கு என்ன கொற வெச்சோமுங்க? என்ற ஊட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் நிக்கறாரு பாருங்க."

"நிக்கறாருங்க. நல்லா இருக்கட்டுமுங்க" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பையன் பட்டுச்சட்டையோடு கதவோரம் நின்றான். அப்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் போனேன். "ஏஞ்சாமி, வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

தலையைத் தூக்காமலேயே சொன்னான். "சொன்னா ஹர்ட் ஆவாங்கன்னுதானுங்க சொல்லல."

"இப்ப ஆருக்கும் ஹர்ட் ஆவுலீல்ல?" என்று கேட்டேன். பதில் இல்லை. அவனுக்கு அதுதான் வழக்கம் போல.

கிளம்பும்போது ஒரு சங்கடம். எழவு வீட்டிலிருந்து வரும்போது "வாரேன்" என்று சொல்லக் கூடாது. நல்ல வீட்டிலிருந்து சொல்லாமல் வரக் கூடாது. இது எந்த வீடு என்று அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை. கொண்டையை முடிந்துகொண்டு சொல்லாமலே வந்துவிட்டேன். (அந்த வகையில் நானும் அவர்களைக் கோஸ்ட் பண்ணிவிட்டதாகத் தாரணி பின்னால் சொன்னாள்.) மதில் மேல் வைத்த பழத்தை ஒரு மாடு தின்று முடித்துத் தோலை நக்கிக்கொண்டிருந்தது. நெய்யை மட்டும் மறக்காமல் வாங்கினேன்.

தலை தொங்கின கூட்டத்தில் எவனோ ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்திருக்கிறான். நான் நாமக்கல் வருவதற்குள் என் ஒப்பாரி திருச்செங்கோடு போய்விட்டது. அங்கிருக்கும் சொந்தக்காரர் ஒருவர், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சிகளை வரிசையாகப் போட்டு, தம்பிக்கே அனுப்பிவைத்திருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "நெய்யி வாங்கியாச்சாக்கா?"

தாரணியின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

அந்த நெய்யை எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை. ராசிபுரத்தார் வேறொரு நாள் பார்த்து உப்புச்சக்கரை மாற்றி, கல்யாணத்தையும் முடித்துவிட்டார்கள். எங்களுக்குத்தான் முடியவில்லை. அடுத்து வந்த வரன், "அந்த ஒப்பாரி வெச்ச ஊடுங்களா?" என்று தரகரிடம் கேட்டுவிட்டுப் பாதியிலேயே நின்றது. அதற்கு அடுத்தது கேட்காமலேயே நின்றது. பிள்ளைக்கு ஒரு வார்த்தை வாங்கி வரப் போனவள், அவளுக்கு ஒரு பட்டப்பேர் வாங்கிவந்தேன்.

தாரணி என்னோடு பேசவில்லை. ஒரே வாசல், ஒரே அடுப்பு. நான் வைக்கிற சோற்றைத் தின்றாள், பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அவள் ஒரு போன் வாங்கித் தந்திருந்தாள். அதில் ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்துப் பேசினால் குரல் போகும். "சாமி, சாப்புட்டியா? அத்தை மேல கோவமா?" என்று பேசி அனுப்பினேன். அனுப்பிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு டிக்கும் நீலமாயிற்று. கேட்டுவிட்டாள். பதில் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தேன். நீலமாகவே இருந்தது. அந்த நீலம் எனக்குப் பழக்கமான நீலம். முந்தியெல்லாம் அதற்குக் கலர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு ஒரு மத்தியானம், கொட்டகையில் இலை கட்டிக்கொண்டிருந்தேன். அறுத்த இலையை உடனே ஈரச் சாக்கில் சுற்ற வேண்டும், வெயிலில் விட்டால் சுருண்டுவிடும். ஓர் இலை கைதவறி வெளியே விழுந்து கிடந்தது. தாரணி வந்தாள், அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இரண்டு ஓரமும் மெல்ல உள்ளே மடங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எடுக்கட்டுமா, வெக்கட்டுமா?"

"சுருண்டது போவட்டும் சாமி, மாட்டுக்குப் போடு" என்றேன்.

"எலையச் சொல்லலீங்கத்தை. உள்ளார இருக்கறதுக்கு என்ன பேருன்னு கேட்டீங்களே, அதச் சொல்றேன். அந்த வீடியோவத் தெனமும் போட்டுப் போட்டுக் கேட்டேனுங்க. எல்லாரும் சிரிக்கற எடத்துல எனக்குச் சிரிப்பே வரல. எல போட்டுட்டோம். எடுக்கறதா, இன்னும் கொஞ்ச நேரம் வெக்கறதான்னே தெரியல. அதுதானுங்கத்தை. அதேதான்."

சொல்லிவிட்டு அழுதாள். அத்தனை நாள் வராத அழுகை அன்றைக்கு வந்தது. நானும் அழுதேன், சத்தமில்லாமல். எனக்கு அப்படி அழத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "ரெண்டாவது பாட்டு மாமாவுக்குப் பாடுனதுங்களா?"

"அந்த நாரை எடு. கட்டு அவுருது" என்றேன்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் கோஸ்டிங் என்று சொல்வதில்லை. யாராவது பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தால், "எல சுருளுது" என்று குரூப்பில் போடுகிறார்கள். தம்பி, இலை வாங்க வருகிற வியாபாரியிடமே அப்படிப் பேசுகிறான், அவருக்குப் புரிவதில்லை. தாரணியோடு வேலை செய்கிற வடநாட்டுப் பிள்ளைகள்கூட அதைத் தமிழிலேயே சொல்லக் கற்றுக்கொண்டார்களாம். என்னை இன்னமும் எழவுக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் வாசலிலேயே ஒருத்தி என் காதில் வந்து, "அக்கா, செத்தது இன்னாருதான். நாங்க நல்லாப் பாத்துட்டோம், நீங்க ஆரம்பிங்க" என்கிறாள். நான் முறைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

தாரணிக்கு இன்னும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம் அந்தப் பையனிடமிருந்து ஒரு சேதி வந்தது. "ஸாரி" என்று ஒரே வார்த்தை. நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் போனை நடுவில் வைத்தாள்.

"என்ன போடட்டுமுங்க?"

தம்பி சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எல எடுத்தாச்சுன்னு போடு."

அவள் அப்படியே போட்டாள். போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முழுசாக நிற்பதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினாள். "உங்க எலைங்கத்தை?"

தம்பியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அது கெடக்கட்டும்" என்றேன். "மொதல்ல மோர ஊத்து."